மன்னிப்பின் அப்பத் துண்டு



நம் இல்லங்களில் கதைப் புத்தகத்திற்கு இருவகை வரவேற்பு உண்டு. படிப்பைக் கெடுக்கும் என்று பிள்ளைகள் கையிலிருந்து அதைப் பிடுங்கி வைப்போர் ஒரு சாரார். அலமாரிக்கு அழகு என்று வாங்கி அடுக்கிவிட்டுத் திறந்தே பாராதோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் இடையே, இரவு செபமும் உணவும் முடிந்த பின் வீட்டார் எல்லாரும் கூடியிருக்க, ஒருவர் படித்துச் சொல்ல மற்றவர் கேட்கத்தக்க நூல் ஒன்று சொல்லுங்கள் என்று வாசகச் சகோதரி ஒருவர் நமக்கு எழுதியிருந்தார். அவருடைய மகளுக்கு வரும் தை மாதத்தில் திருமணமாம். மணமக்களுக்கும் ஏற்றதாய், வரலாற்றுப் புதினமாய், கையில் எடுத்தால் கீழே வைக்க விடாததாய் இருக்க வேண்டும் என்பது அவர் வேண்டுகோள்.

இம்மூன்றும் ஒருங்கே பொருந்திய நூல் ஒன்று நம் நினைவில் உடனே எழுந்தது. இத்தாலிய நாட்டு எழுத்தாளர் அலெஸ்ஸாந்த்ரோ மன்சோனி இயற்றிய ‘மண ஒப்பந்தமானோர்’ என்னும் பெரும் புதினமே அது. 1827-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. பின்னர் ஆசிரியரே அதன் மொழிநடையைப் பிளாரன்சு நகர மக்களின் பேச்சுவழக்குக்கு இயைய மாற்றியமைத்து, 1840 முதல் 1842 வரை திருத்திய பதிப்பாக வெளியிட்டார். அத்திருத்திய நூலையே இத்தாலியப் பள்ளிகளில் மாணவர் இன்றும் பாடமாகப் பயில்கின்றனர்.

வரலாற்றுப் புதினம் என்றதும் அரண்மனையும் குதிரையும் வாளும் இளவரசியும் நம் மனக்கண்முன் வந்து நிற்கும். இந்நூலின் தலைவனோ பட்டு நூற்கும் ஏழை இளைஞன், பெயர் ரென்சோ. தலைவி லூசியா, கைம்பெண் ஒருத்தியின் ஒரே மகள். மன்னர்களும் தளபதிகளும் தூரத்து இடிமுழக்கம்போல் எங்கோ போர் புரிகின்றனர்; அவ்விடி ஏழைகளின் கூரைமீது எவ்வாறு விழுந்தது என்பதே கதை. பெரியோர் வரலாற்றை ஏடுகளில் எழுதிவைத்தார்கள். எளியோர் பட்ட பாட்டை எழுதிவைப்பார் இல்லை. அக்குறையை நீக்கவே மன்சோனி தம் எழுதுகோலை எடுத்தார் என்று தோன்றுகிறது.

கதை 1628-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் மாலையில் தொடங்குகிறது. தத்துவ போதகர் மதுரை மறைத்தளத்தில் உழைத்துவந்த காலம் அது. அப்போது வட இத்தாலியின் மிலான் நாடு ஸ்பானிய ஆட்சியின்கீழ் இருந்தது. கோமோ ஏரிக்கரையில், லெக்கோ என்னும் ஊருக்கு அருகே, தோன் அபோந்தியோ என்ற பங்குக் குரு கட்டளைச் செபம் சொல்லியவாறு மெல்ல நடந்து வருகிறார். பாதை இரண்டாகப் பிரியுமிடத்தில் அடியாட்கள் இருவர் அவருக்காகக் காத்திருக்கின்றனர். மறுநாள் ரென்சோவுக்கும் லூசியாவுக்கும் நடக்கவிருக்கும் திருமணம் நாளையும் நடக்கக்கூடாது, என்றுமே நடக்கக்கூடாது என்று எச்சரிக்கின்றனர். அவர்களை ஏவியவன் அவ்வூர்ப் பிரபு தோன் ரொத்ரிகோ. லூசியாவை அவன் வழியில் கண்டு இச்சை கொண்டதும், அவளை அடைவதாகத் தன் உறவினனிடம் பந்தயம் கட்டியதும் பின்னர்த் தெரியவருகின்றன.

குருவானவர் என்ன செய்தார்? நடுங்கினார், பணிந்தார். மறுநாள் காலை மணமகன் வந்து நின்றபோது, திருச்சபைச் சட்டத்தின் தடைகளை இலத்தீன் மொழியில் அடுக்கி அவனைக் குழப்பினார். பாவம், ரென்சோவுக்கு இலத்தீன் எங்கே தெரியும்! திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டில் வகுத்த விதிப்படி, பங்குக் குருவும் சாட்சிகளும் இல்லாமல் திருமணம் செல்லாது. எனவே ஓர் அஞ்சிய மனிதரின் வாய் மூடியதால் இரு உயிர்களின் வாழ்வு நின்றுபோயிற்று. கோவிலில் திருமண ஓலை வாசித்து, கலியாணத்திற்கு நாள் குறித்து, அந்நாளை எண்ணிக் காத்திருந்த அனுபவம் உள்ள நம் குடும்பங்களுக்கு அந்த ஏமாற்றத்தின் கொடுமையை விளக்க வேண்டுவதில்லை.

இதன்பின் நிகழ்வன எல்லாவற்றையும் இங்கே சொல்லிவிட்டால் நூலைப் படிக்கும் இன்பத்தைத் திருடியவர்களாவோம். ஆகவே சில காட்சிகளை மட்டும் தொட்டுக் காட்டுகிறோம்.

நியாயம் கேட்டு ரென்சோ ஒரு வழக்கறிஞரிடம் செல்கிறான். வெறுங்கையோடு போகலாகாதென்று நான்கு சேவல்களைக் கால் கட்டித் தலைகீழாகத் தூக்கிச் செல்கிறான். வழியெல்லாம் அவன் கோபத்தில் கையை வீச, தொங்கும் சேவல்கள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டே போகின்றன. ஒரே துன்பத்தில் அகப்பட்ட மனிதரும் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்கின்றனர் என்று ஆசிரியர் அடங்கிய நகையோடு சொல்லிச் செல்கிறார். வழக்கறிஞரோ தோன் ரொத்ரிகோவின் பெயரைக் கேட்டதும் சேவல்களைத் திருப்பிக் கொடுத்து வாசலைக் காட்டுகிறார். சட்டப் புத்தகங்களுக்கு அந்நாட்டில் குறைவில்லை. அடியாட்களை ஒடுக்க ஆளுநர்கள் ஒருவர்பின் ஒருவராய்ப் பிறப்பித்த ஆணைகளை மன்சோனி பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். ஆணைக்குப்பின் ஆணை வந்துகொண்டே இருந்தது என்பதே, எந்த ஆணையும் நிறைவேறவில்லை என்பதற்குச் சான்று.

எளியோர்க்குத் துணையாக எழுந்து நிற்பவர் கப்புச்சின் சபைத் துறவியான கிறிஸ்தோபர் அடிகள் ஒருவரே. இவருடைய முன்கதை நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. செல்வ வணிகரின் மகனாகிய இவர், இளமையில் தெருவில் யார் யாருக்கு வழிவிடுவது என்னும் அற்ப வழக்கில் ஓர் உயர்குடி மனிதனைக் குத்திக் கொன்றவர். அதே சண்டையில் தம்மைக் காக்க முன்வந்த பணியாளர் கிறிஸ்தோபரும் தம் கண்முன் மாண்டதைக் கண்டவர். மனம் உடைந்து துறவியானபோது அப்பணியாளரின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். பின்பு, கொலையுண்டவனின் தமையன் வீட்டுக்குச் சென்று, உறவினர் அனைவரும் திரண்டிருந்த அவையில் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். துறவியின் கண்ணீர் உண்மையென்று கண்ட தமையன் அவரைத் தூக்கி நிறுத்தி விருந்துண்ண அழைத்தான். அடிகளோ, மன்னிப்பின் அடையாளமாக ஓர் அப்பம் மட்டும் போதும் என்றார். அதில் சிறிது உண்டு, எஞ்சிய துண்டை வாழ்நாளெல்லாம் நினைவாகப் பாதுகாத்தார். அத்துண்டு நூலின் இறுதியில் யார் கைக்குச் சேருகிறது என்பதைப் படித்தே அறிக. அவ்விடம் வந்தபோது நம் கண்கள் கலங்கின என்று மட்டும் சொல்லிவைக்கிறோம்.

பெயர் சொல்லவும் மக்கள் அஞ்சியதால் ‘பெயரிலி’ என்றே நூலில் குறிக்கப்படும் கொடுங்கோலன் ஒருவனும் வருகிறான். அவன் கோட்டையில் லூசியா சிறைப்பட்ட இரவில், அவள் அழுகுரல் அவன் உள்ளத்தில் ஏதோ ஒரு கதவைத் தட்டிவிடுகிறது. விடியும்வரை உறக்கமின்றித் தவிக்கிறான். காலையில் பள்ளத்தாக்கிலிருந்து கோவில் மணியோசை எழுகிறது. ஏழைகள் திருநாள் ஆடையணிந்து கூட்டங்கூட்டமாய் எங்கோ விரைகின்றனர். பேராயரைக் காணப் போகின்றனர் என்று கேள்வியுற்று, இம்மனிதரிடம் அப்படி என்ன இருக்கிறது என்ற வியப்போடு அவனும் இறங்கிப் போகிறான். அந்தப் பேராயர் கற்பனைப் பாத்திரம் அல்லர். மிலான் நகரப் பேராயராயிருந்த கர்தினால் பெதெரிக்கோ பொரோமேயோ. புனித சார்லஸ் பொரோமேயோவின் உறவினர். மிலானில் 1609-ஆம் ஆண்டு மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அம்புரோசிய நூலகத்தை நிறுவியவர். இவ்விருவரும் சந்திக்கும் இயல், மனமாற்றம் பற்றிய நூறு மறையுரைகளுக்கு ஈடானது.

புதினத்தின் பிற்பகுதியில் 1630-ஆம் ஆண்டின் கொள்ளைநோய் வருகிறது. மந்துவா நாட்டின் அரசுரிமைக்காக மூண்ட போரில் ஜெர்மானியக் கூலிப்படையினர் மிலான் நாட்டின் வழியாகச் சென்றனர்; அவர்களோடு நோயும் வந்தது. இங்கே நம் மனத்திற்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. நம் தமிழுக்குத் தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் பிறந்த காஸ்திலியோனே என்னும் ஊர் அந்த மந்துவா வட்டாரத்தைச் சேர்ந்ததே. இக்கொடுமைகள் நிகழ்ந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1680-இல் அவர் அங்கே பிறந்தார்.

முதலில் அதிகாரிகள் நோய் என்பதையே மறுத்தனர். எச்சரித்த மருத்துவர்களை மக்கள் தெருவில் ஏசினர். பின்பு நோய் உண்டு என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தபோது, யாரோ வேண்டுமென்றே சுவர்களில் நஞ்சு பூசிப் பரப்புகின்றனர் என்ற வதந்தி எழுந்தது. ஆலயத்தில் அமருமுன் இருக்கையைத் துடைத்த முதியவர்கூட நஞ்சு பூசுபவராகக் கருதப்பட்டு அடிபட்டார். நகரச் சுகாதார அலுவலர் பியாத்சா என்பவரும், முடிதிருத்துநர் மோரா என்பவரும் குற்றமற்றவராயிருந்தும் சித்திரவதையில் பொய் வாக்குமூலம் தந்து, 1630-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொடிய முறையில் கொல்லப்பட்டனர். மோராவின் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, அங்கே ‘அவமானத் தூண்’ ஒன்றை நிறுத்தினர். 1778-ஆம் ஆண்டுவரை அது நின்றது. இவ்வழக்கைப் பற்றி மன்சோனி தனியே ஒரு வரலாற்று நூல் எழுதி, 1842-இல் புதினத்தோடு சேர்த்தே வெளியிட்டார்.

ஆசிரியர் ஆழ்ந்த இறைப்பற்றுள்ளவர். ஆயினும் உண்மையை ஒளிப்பதில்லை. நோய் தணிய வேண்டிப் புனித சார்லசின் திருப்பண்டங்களைச் சுமந்து பவனி நடத்துமாறு மக்கள் கோரினர். கூட்டம் கூடினால் நோய் பெருகும் என்று கர்தினால் முதலில் மறுத்தார். பின்னர் வற்புறுத்தலுக்கு இணங்கினார். பவனி நடந்தது, அடுத்த நாளிலிருந்து சாவு பெருகியது. மக்கள் அதற்கும் நஞ்சு பூசுவோரையே காரணம் காட்டினர். தாம் போற்றும் பேராயரின் இந்தத் தளர்ச்சியையும் மன்சோனி எழுதுகிறார். நோயாளர் இல்லத்தில் பணிவிடை செய்து உயிர்நீத்த கப்புச்சின் துறவிகளின் வீரத்தையும் எழுதுகிறார். இரண்டையும் ஒரே கையால் எழுதியதாலேயே இரண்டையும் நாம் நம்புகிறோம்.

இந்நூலை நாம் முதன்முறை படித்தது இளமையில். அப்போது கோழைக் குருவைக் கண்டு சிரித்தோம். கொள்ளைநோய்ப் பகுதியைப் பழங்கதையென்று வேகமாகப் புரட்டினோம். இரண்டாம் முறை படித்தது 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது. அவ்வாண்டு பிப்ரவரியில் இத்தாலியில் கொரோனா பரவி லொம்பார்தியாவில் பள்ளிகள் மூடப்பட்டபோது, மிலான் நகரப் பள்ளி முதல்வர் ஒருவர் தம் மாணவர்களுக்கு எழுதிய மடலில் இப்புதினத்தின் கொள்ளைநோய் இயலை நினைவூட்டியதாகச் செய்தித்தாளில் கண்டு, தூசி தட்டி மீண்டும் எடுத்தோம். இம்முறை சிரிப்பு வரவில்லை.

காரணத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் எதிர்வீட்டுக்காரர் வெளியூரில் வேலை செய்பவர். அந்நாள்களில் காய்ச்சலோடு ஊர் திரும்பினார். வீட்டு வாசலில் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டது. அதுவரை ஒருவர் வீட்டுக் குழம்பு மற்றவர் வீட்டுக்குச் சென்றுகொண்டிருந்த தெரு அது. அன்றிலிருந்து அவ்வீட்டின் பக்கம் திறந்த சன்னல்கள் மூடின. எங்கள் சன்னலும் மூடியது. அவர் வேண்டுமென்றே நோயை ஊருக்குள் கொண்டுவந்தார் என்று யாரோ சொன்னதை, மறுக்காமல் கேட்டு, தொலைபேசியில் மற்றொருவரிடம் நாமும் சொன்னோம். தெருக்கோடியில் தனியே வாழும் மூதாட்டி ஒருவர் மட்டும், நாள்தோறும் காலையில் தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டுவந்து அவ்வீட்டுத் திண்ணையில் வைத்து, கைத்தடியால் கதவைத் தட்டிவிட்டு விலகி நிற்பார். பதினான்கு நாளும் அந்தத் தடியோசையை நாம் மூடிய சன்னலுக்குப் பின்னிருந்து கேட்டோம்.

அவ்வேளையில் கையிலிருந்த நூலில், கர்தினால் தோன் அபோந்தியோவைத் தனியே அழைத்து, ஏன் திருமணத்தை நடத்தவில்லை என்று கேட்கும் இடம் வந்தது. உயிருக்கு அஞ்சினேன் என்கிறார் குரு. துணிவு இல்லாதவன் அதை எங்கிருந்து பெறுவான் என்பது அவர் வாதம். அன்பு இருந்தால் துணிவு தானே வந்திருக்குமே என்பது கர்தினாலின் மறுமொழியின் சாரம். நூலை மூடிவைத்தோம். மன்சோனி வரைந்த கோழை ஏரிக்கரையில் மட்டும் இல்லை. எங்கள் சன்னலுக்குப் பின்னாலும் நின்றுகொண்டிருந்தார்.

எதிர்வீட்டார் நலமடைந்தனர். கோவில்கள் திறந்தபின் திருப்பலியில் அவரைக் கண்டோம், தலையசைத்தோம், அவ்வளவே. கிறிஸ்தோபர் அடிகளின் அப்பத்துண்டு மட்டும் நம்மை விடவில்லை. ஏறத்தாழ ஓராண்டு கழிந்து ஒரு மாலை, தெருவைக் கடந்து சென்று, நாம் சொன்னதையும் செய்யத் தவறியதையும் வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர், “அதெல்லாம் மறந்துபோயிற்று அண்ணாச்சி, உட்காருங்கள்” என்றார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து வரவில்லை. தேநீரை மூத்த மகள் கொண்டுவந்து வைத்தாள். அந்தத் தாயின் மனக்காயம் ஆறியதா என்று இன்றும் நமக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் நமக்கில்லை. ஆயினும் எங்கள் சன்னல் இப்போது அந்தப் பக்கம் திறந்திருக்கிறது.

ஒரு கதைப் புத்தகம் ஒருவரைத் தெருவைக் கடக்க வைக்குமா என்று கேட்போருக்கு இதுவே நம் சான்று.

நூலாசிரியரைப் பற்றியும் சில சொற்கள். மன்சோனி 1785-இல் மிலானில் பிறந்தவர். சித்திரவதையையும் மரண தண்டனையையும் எதிர்த்து எழுதிய புகழ்பெற்ற சட்ட அறிஞர் பெக்காரியாவின் மகள் வயிற்றுப் பேரர். இளமையில் இறைநம்பிக்கையை விட்டு விலகியிருந்தார். 1808-இல் கால்வின் மரபைச் சேர்ந்த என்றிக்கெத்தா பிளொந்தேல் என்னும் மங்கையை மணந்தார். 1810-இல் அவ்வம்மையார் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர, கணவரும் தம் பழைய விசுவாசத்திற்குத் திரும்பினார். மன்சோனி 1873-இல் மறைந்தபோது இசையறிஞர் வெர்தி, அவர் நினைவாக இறந்தோர் திருப்பலி இசையை இயற்றி, முதலாண்டு நினைவு நாளில் மிலானின் புனித மாற்கு ஆலயத்தில் அரங்கேற்றினார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-ஆம் ஆண்டு மே 27 அன்று மண ஒப்பந்தம் பற்றி ஆற்றிய மறையுரையில், இளைஞர் இந்நூலைப் படிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தார். துன்பத்தின் நடுவே பிரிந்திருந்தும் ஒருவர்க்கொருவர் உண்மையாயிருந்த இருவரின் கதை மணமக்களுக்குப் பாடமாகும் என்பது அவர் கருத்து. ஆகவே சகோதரியின் மகளுக்கு இதைத் திருமணப் பரிசாகத் தரத் தயங்க வேண்டுவதில்லை.

குறையென்று சொல்லத்தக்கதும் உண்டு. நூல் பெரியது, 38 இயல்கள். இடையிடையே அரசியல், பஞ்சம், விலைவாசி என்று ஆசிரியர் வரலாற்றுக்குள் நுழைந்துவிடுவார்; பொறுமையற்றோர் அங்கே இரண்டு பக்கம் தள்ளிப் படிக்கலாம், பாவமாகாது. ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்புகள் பல உள்ளன. அவற்றுள் 2022-இல் வெளிவந்த மைக்கேல் மூர் அவர்களின் மொழிபெயர்ப்பு அண்மைக்கால ஆங்கிலத்தில் அமைந்தது. வீட்டில் ஆங்கிலம் நன்கு அறிந்த மகனோ மகளோ பகலில் ஓர் இயலைப் படித்துவிட்டு, இரவில் அதைத் தமிழில் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் சொல்லட்டும். நாளுக்கு ஓர் இயலாகச் சொன்னால் நாற்பது நாளுக்குள் கதை முடிந்துவிடும். தவக்காலத்தின் சாம்பல் புதனன்று தொடங்கினால் பாஸ்கா திருவிழாவுக்குள் ரென்சோவும் லூசியாவும் என்ன ஆனார்கள் என்பது வீட்டார் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

படித்து முடித்தவர்கள் நமக்கு இரண்டு வரி எழுதுங்கள். நூல் பிடித்ததா இல்லையா என்பதைவிட, எந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள் என்பதையே அறிய விரும்புகிறோம்.